பெல்ஜியம் பீர் டேஸ்டிங் - எழுதறவங்க கூட்டத்துக்கு போறேன், எப்படி சமாளிக்கறது?

மால்ட்டு மாறன்:
மக்களே ஒரு உதவி வேணும். செப்டம்பர் முதல் வாரம் பிரஸ்ஸல்ஸ்ல பீர் பத்தி எழுதறவங்க கூடற ரெண்டு நாள் சந்திப்பு ஒண்ணு இருக்கு, அதுக்கு போறேன். நான் பெங்களூர்ல இருக்கேன், இங்க இருக்கற மைக்ரோ ப்ரூவரிங்க பத்தி தமிழ்ல எழுதிட்டு வர்றேன், பெல்ஜியம் பீர்னா இங்க ஏர்போர்ட்லயும் பெரிய ஹோட்டல்லயும் கிடைக்கற ஹூகார்டனும் ட்யூவலும் குடிச்சிருக்கேன், அவ்ளோதான்.

ப்ரோகிராம் அனுப்பியிருக்காங்க, பாத்ததுமே கொஞ்சம் கதி கலங்கிருச்சு. முதல் நாள் காலைல லாம்பிக் (காத்துல இருக்கற ஈஸ்ட்டுலயே தானா புளிக்கற பீர்) பண்ற இடம் ஒண்ணுக்கு விசிட், மத்தியானம் ட்ராப்பிஸ்ட் பீர் (மடத்துச் சாமியாருங்க காய்ச்சறது) டேஸ்டிங், சாயங்காலம் ஸ்பீட் ரவுண்டுன்னு ஒண்ணு. அதாவது ப்ரூவர் ஒருத்தர் நம்ம டேபிளுக்கு வந்து ஊத்துவாரு, அஞ்சு நிமிஷம் பேசுவாரு, அதுக்குள்ள நாம மோந்து பாத்து குடிச்சு எழுதி முடிச்சிடணும், மணி அடிச்சா அவர் எந்திரிச்சு போயிடுவாரு அடுத்தவர் பாட்டிலோட வந்து நிப்பாரு, இப்படியே பத்து பீர். அது முடிஞ்சதும் டின்னர், அதுலயும் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு பீராம்.

என் கேள்வி என்னன்னா, இவ்வளவையும் குடிச்சிட்டு ஒருத்தன் உருப்படியா எப்படி எழுதறது, நோட்ஸ்ல என்ன எழுதணும், லாம்பிக் பயங்கர புளிப்புன்னு சொல்றாங்களே அதை முதல் தடவை குடிக்கறவன் எப்படி எடுத்துக்கறது. அப்புறம் முக்கியமா வெஸ்ட்வ்லெட்டரன் 12ங்கற ட்ராப்பிஸ்ட் பீர், அதுதான் உலகத்துலயே நம்பர் ஒன்னுன்னு எங்க பாத்தாலும் போட்டிருக்கு, கூட்டம் முடிஞ்சு கையில ஒரு நாள் இருக்கு, மொனாஸ்டரிக்கே நேரா போயிடலாமான்னு யோசிக்கறேன். அனுபவசாலிங்க சொல்லுங்க.

செனெ ஆத்தங்கரை:
வாங்க மாறன், நம்ம ஊருக்குதான் வர்றீங்க. இங்க வேலைக்கு வந்து இங்கயே தங்கிட்ட ஆளு நான், இந்த மாதிரி கூட்டங்கள்ல ஓரமா உக்காந்து பாத்த அனுபவம் உண்டு.

முதல்ல கணக்கு போட்டு பாருங்க. பத்து பீர், ஒவ்வொண்ணும் 100 மில்லின்னு வைங்க, சராசரியா 8% இருக்கும்னா மொத்தம் ஒரு லிட்டர் ஸ்ட்ராங் பீர், நம்மூரு 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டில் ஒன்றரைய ஐம்பது நிமிஷத்துல முடிச்ச மாதிரி. அதுவும் காலைல இருந்து குடிச்சுட்டு வந்ததுக்கு அப்புறம். அதனால ஊத்தறதையெல்லாம் குடிக்கணும்னு நினைக்காதீங்க, ரெண்டு மடக்கு போதும். ஒயின்காரங்க மாதிரி துப்பற வழக்கம் பீர் ஆளுங்ககிட்ட கம்மி, தொண்டைல இறங்கினாதான் கசப்பும் கடைசியா வர்ற வாசனையும் முழுசா தெரியும்னு சொல்லுவாங்க, ஆனா டேபிள்ல மிச்சத்தை கொட்டறதுக்குன்னு ஒரு ஜாடி வச்சிருப்பாங்க, அதுல ஊத்தினா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. எழுதறவங்கள்ல ரொம்ப நாளா இருக்கறவங்கதான் அந்த ஜாடியை அதிகமா யூஸ் பண்றாங்க, கவனிச்சு பாருங்க. புதுசா வர்றவங்க கிளாஸை காலி பண்ணிட்டு டின்னர்ல தூங்கி வழியுவாங்க.

லாம்பிக் விசிட் எங்கன்னு சொல்லலை, நகரத்துக்குள்ளன்னா அனேகமா அண்டர்லெக்ட்ல இருக்கற கான்டியோன்தான். 1900ல ஆரம்பிச்ச இடம், மிடி ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடலாம், வெளிய இருந்து பாத்தா ஏதோ பழைய கராஜ் மாதிரிதான் தெரியும். உள்ள போய் மாடி ஏறினா கூரைக்கு கீழ ஒரு பெரிய செம்புத்தொட்டி, ஆழமே இல்லாம அகலமா பரந்து கிடக்கும், அதுதான் கூல்ஷிப். காய்ச்சின வோர்ட்டை (பீர் ஆகறதுக்கு முந்தின மால்ட்டுத் தண்ணி) ராத்திரி அதுல விட்டு அப்படியே ஆற விட்டுடுவாங்க, கூரைல இருக்கற பலகை இடுக்கு வழியா காத்து வந்து போகும், அந்த காத்துலயும் அந்த கட்டடத்துலயும் இருக்கற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான் அதை புளிக்க வைக்கும், பாக்கெட் ஈஸ்ட்டு எதுவும் போடறது கிடையாது. அப்படியே ஓக் பீப்பாய்க்கு போய் ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூணு வருஷம்னு கிடக்கும். ஒட்டடையை கூட கலைக்க மாட்டாங்க, பழ ஈயை சிலந்தி பாத்துக்கும்னு.

ஆனா ஒண்ணு, நீங்க வர்றது செப்டம்பர் ஆரம்பம், அப்ப தொட்டி காலியாதான் இருக்கும். கோடைல ராத்திரியும் சூடா இருக்கும், வோர்ட்டு ஆற லேட்டாகும், வேண்டாத கிருமியெல்லாம் ஏறிக்கும், அதனால குளிர் மாசங்கள்ல மட்டும்தான் காய்ச்சுவாங்க, சுமாரா அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும். வருத்தப்பட வேண்டாம், பீப்பாய் வாசனையே போதும்.

அங்க டேஸ்டிங்ல முதல்ல நுரையே இல்லாத லாம்பிக் ஒரு சின்ன கிளாஸ்ல தருவாங்க, பாக்க ஆறிப்போன டீ மாதிரி தட்டையா நிக்கும், என்னடா இது கேஸ் போன பீரைக் கொடுக்கறாங்கன்னு நினைக்க தோணும். அது அப்படித்தான். அதுக்கு அடுத்து கூஸ் வரும், அதுதான் ஒரு வருஷ, ரெண்டு வருஷ, மூணு வருஷ லாம்பிக்கை கலந்து பாட்டில்ல அடைச்சது, இளசுல மிச்சம் இருக்கற சர்க்கரை பாட்டிலுக்குள்ள மறுபடி புளிச்சு பொங்கறதுக்கு, கிழடு ருசிக்கு. பாட்டில்ல மேல மூடி, அதை எடுத்தா உள்ள கார்க், அதை படுக்க வச்ச கூடையோட தூக்கிட்டு வந்து அடில இருக்கற வண்டல் கலங்காம ஊத்துவாங்க பாருங்க, அதை ஒரு வரி எழுதுங்க, உங்க ருசி நோட்ஸை விட அது நல்லா இருக்கும்.

அன்ட்வெர்ப் அண்ணை:
தம்பி மாறன், வணக்கம். நான் இஞ்ச அன்ட்வெர்ப்பில கன வருசமா இருக்கிறன், ரெஸ்டோரண்ட் கிச்சினில வேலை, பீர் பற்றி எழுதுற ஆள் இல்லை, குடிக்கிற ஆள்.

லாம்பிக் புளிப்புக்கு பயப்படாதையும். எங்கட ஊரில பனையில முட்டி கட்டேக்க உள்ளுக்க சுண்ணாம்பு பூசினா கருப்பணி, பூசாட்டி பொழுது ஏற ஏற தானாப் புளிச்சு கள்ளு, ஆரும் அதுக்குள்ள ஈஸ்ட் போடுறதில்லைத்தானே, இதுவும் அதே விசயம்தான், கள்ளு ஒரு நாளில முடியிற அலுவல், இவை அதை மூண்டு வருசம் இழுக்கினம். ஒரு வாய் குடிச்சிட்டு வேண்டாம் எண்டு வைக்காதையும், மூண்டாவது வாயிலதான் நாக்கு பழகும். பிரஸ்ஸல்ஸ் பக்கத்து பழைய லாம்பிக் கடையளில பாணில வெள்ளை சீஸ் பூசி மேல முள்ளங்கியும் வெங்காயத்தாரும் வெட்டிப் போட்டு தருவினம், அதோட கூஸ் குடிச்சுப் பாரும், புளிப்பு அப்பிடியே அடங்கிப் போகும். கடையில வாங்கேக்க லேபிளில அவுடே கூஸ், அவுடே கிரீக் (செர்ரிப்பழம் போட்ட லாம்பிக்) எண்டு இருக்கோ எண்டு பாரும், அந்த அவுடே எண்ட பேருக்கு ஐரோப்பிய சட்டப் பாதுகாப்பு இருக்கு, கண்டதுக்கும் போடேலாது. அது இல்லாத கன கிரீக் சீனிப்பாணி, பிள்ளையளின்ர ஜூஸ் மாதிரி.

வெஸ்ட்வ்லெட்டரன் விசயம். போகாதையும் எண்டு சொல்ல மாட்டன், ஆனா ஒரு நாள்தான் கையில இருக்கெண்டா நான் போக மாட்டன். பிரஸ்ஸல்ஸில இருந்து போபெரிங்கவுக்கு ரெயினில கிட்டத்தட்ட ரெண்டு மணித்தியாலம், அங்கால இருந்து சைக்கிளோ டாக்சியோ எடுக்க வேணும். மொனாஸ்டரிக்குள்ள விட மாட்டினம், எதிரில இருக்கிற அவையின்ர கபேயில இருந்து குடிச்சிட்டு வர வேண்டியதுதான், அதுவும் மூடுற நாள் பாத்துப் போகோணும். பீர் நல்ல பீர், 10.2%, நான் குறை சொல்லேல்ல. ஆனா அது 2005ல ஒரு ரேட்டிங் தளத்தில முதலாவது எண்டு வந்த பிறகுதான் உலகம் முழுக்க இந்த சன்னதம். சாமிமார் கூடக் காய்ச்சவும் மாட்டினம், விளம்பரமும் செய்ய மாட்டினம், கிடைக்காத சாமான் எண்டபடியா சனத்துக்கு ஆசை கூடிப் போச்சு.

இதைக் கேளும். பக்கத்தில வாட்டூ எண்டொரு ஊர், அங்க சென்ட் பெர்னார்டஸ் எண்ட ப்ரூவரி, அவைதான் 1946ல இருந்து 1992 வரைக்கும் வெஸ்ட்வ்லெட்டரன் சாமிமாருக்காக லைசென்சில அந்த பீரை காய்ச்சினவை. ஒப்பந்தம் முடிஞ்ச பிறகும் அவை தங்கட பேரில காய்ச்சினம், ஆப்ட் 12 எண்டு, 10%. எந்தக் கடையிலயும் எடுக்கலாம். ரோஷ்ஃபோர் 10 எண்டு இன்னொண்டு, அது உண்மையான ட்ராப்பிஸ்ட், 11.3%, சூப்பர் மார்க்கெட் தட்டில சும்மா நிக்கும். உம்மட அந்த ஒரு நாளில ஒரு கபேயில இருந்து இந்த ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு ஆறுதலா குடிச்சா எழுத உமக்கு கனக்க விசயம் கிடைக்கும், ரெயினில நாலு மணித்தியாலம் இருந்ததைப் பற்றி ஆர் வாசிக்கப் போகினம்.

சும்மா கேக்கறேன்:
ஒரு டவுட்டு. பீர்னா ஜில்லுனு அடிச்சோமா, மிக்சர் தின்னோமா, வீட்டுக்கு போனோமான்னு இருக்கறது. இதுல மோந்து பாக்கறது, நோட்ஸ் எடுக்கறது, எழுதறவங்களுக்குன்னு கூட்டம் வேற. காசு இருக்கறவன் பொழுதுபோக்குக்கு இவ்ளோ பில்டப்பா? கோச்சுக்காதீங்க, நிஜமாவே தெரிஞ்சுக்கதான் கேக்கறேன்.

ஈஸ்ட்டு வாத்தியார்:
கேக்கறது நியாயம்தான் சார், கோவமெல்லாம் இல்ல. ஜில்லுனு அடிக்கற பீர் லாகர், அதை அப்படி அடிக்கத்தான் பண்ணியிருக்கான், சுத்தமா இருக்கணும், வேற எந்த வாசனையும் தலைகாட்டக் கூடாதுன்னு குளிர்ல புளிக்க வைக்கறான். பெல்ஜியத்துல பல பீர் தலைகீழ் கதை. ஈஸ்ட்டு என்னென்ன வாசனை விடுதோ அதுதான் பீரே. சேசோன் ட்யூபான்னு ஒண்ணு இருக்கு, எனோ மாகாணத்துல டூர்ப்னு ஒரு சின்ன ஊர்ல பண்றாங்க, 6.5%, அதுல ஈஸ்ட்டை 30 டிகிரிக்கு மேல சூட்டுல வேலை செய்ய விடறாங்க, வேற ப்ரூவரியா இருந்தா அந்த சூட்டுக்கு பயந்து ஓடுவான். அந்த மிளகு வாசனை, எலுமிச்சை வாசனையெல்லாம் வெளிய இருந்து போட்டதில்ல, ஈஸ்ட்டு குடுத்தது. ஆனா அதை 4 டிகிரில ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து குடிச்சீங்கன்னா ஒண்ணுமே தெரியாது, காசு வேஸ்ட்டு. மோந்து பாக்கறது பில்டப்பு இல்ல சார், குடுத்த காசுக்கு வசூல் பண்றது.

மாறனுக்கு வர்றேன். ஸ்பீட் ரவுண்டுல அஞ்சு நிமிஷத்துல ஒரு பீரை புரிஞ்சுக்க முடியாது, முடியும்னு சொல்றவர் சும்மா சொல்றார். ஊத்தினதும் ஒரு தடவை மோந்து பாருங்க, ஏன்னா சில வாசனை ஒரு நிமிஷத்துல பறந்துரும், ஒரு மடக்கு குடிங்க, கிளாஸை ஓரமா வைங்க, ப்ரூவர் பேசறதை கேளுங்க, எந்திரிச்சு போறப்ப திரும்ப ஒரு மடக்கு. முதல் மடக்குக்கும் ரெண்டாவதுக்கும் என்ன மாறிச்சுன்னு மட்டும் எழுதினா போதும். அருமை, பிரமாதம்னு எழுதி வச்சா ராத்திரி ரூமுக்கு போய் படிச்சா பத்து பீரும் ஒரே பீரா தெரியும். வாழைப்பழ வாசனை, கிராம்பு, அட்டைப்பெட்டி, வெண்ணெய் இப்படி பொருள் பேரா எழுதுங்க. வாழைப்பழமும் கிராம்பும் ஈஸ்ட்டு வேலை, பெல்ஜியம் பீர்ல இருக்கலாம். நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வந்தா காத்து பட்டு பழசாயிருச்சுன்னு அர்த்தம், வெண்ணெய் வாசனை தூக்கலா இருந்தா பெரும்பாலும் கோளாறு. பச்சை பாட்டில்ல வெளிச்சம் பட்டு ஒரு மாதிரி நாத்தம் அடிக்கும், அது ஹாப்ஸ்ல (பீருக்கு கசப்பு குடுக்கற பூ) இருக்கற பொருள் வெயில் பட்டு மாறறதால வர்றது, அதுக்கு ப்ரூவரை திட்டாதீங்க, கடைக்காரர் ஷோகேஸ்ல வச்சிருப்பார்.

ட்ரிபெல்னு மஞ்சக் கலர்ல வர்ற ஸ்ட்ராங் பீர் வகைல உஷாரா இருங்க. வெஸ்ட்மல்லே ட்ரிபெல் 9.5%, ஆனா குடிக்கறப்ப அப்படி தெரியவே தெரியாது. காய்ச்சறப்ப சர்க்கரை சேக்கறாங்க, ஈஸ்ட்டு அதை மிச்சம் வைக்காம தின்னுடும், ஆல்கஹால் ஏறும், ஆனா பீர் வாய்ல கனக்காம லேசா நிக்கும். தண்ணி மாதிரி இறங்கிட்டு அப்புறம் வேலைய காட்டும். கனமா கறுப்பா இருக்கற ரோஷ்ஃபோர் மாதிரி பீரெல்லாம் பாத்தாலே மரியாதை வரும், மெதுவாதான் குடிப்போம், ஆளை சாய்க்கறது இந்த மஞ்சக் கலர் பயலுங்கதான்.

என்னைக் கேட்டா அந்த ட்ராப்பிஸ்ட் டேஸ்டிங்ல நீங்க கண்ணை வைக்க வேண்டியது ஓர்வல் மேல. 6.2%தான், அந்த மடத்துல 1931ல இருந்து ப்ரூவரி இருக்கு, பாட்டில் அடைக்கறப்ப ப்ரெட்டனோமைசிஸ்ங்கற காட்டு ஈஸ்ட்டை சேக்கறாங்க. அதனால பாட்டிலுக்குள்ள அது மாசா மாசம் மாறிட்டே இருக்கும். புதுசுல ஹாப்ஸ் வாசனை தூக்கலா, கசப்பா இருக்கும், ஆறேழு மாசம் போனா ஹாப்ஸ் மங்கி அந்த காட்டு ஈஸ்ட்டு மேல வரும், தோல் வாசனை, குதிரை லாயம்னு எழுதுவாங்க, கேக்க ஒரு மாதிரி இருந்தாலும் குடிச்சா விட மனசு வராது, கூடவே நல்லா வறண்டு போயிருக்கும். லேபிள்ல பாட்டில் அடைச்ச தேதியே போட்டிருப்பாங்க. சில கபேல இளசு வேணுமா பழசு வேணுமான்னே கேப்பாங்க. ரெண்டையும் கேளுங்க. ஒரே பேர், ஒரே லேபிள், ரெண்டு பீர். வெஸ்ட்வ்லெட்டரன் பத்தி ஆயிரம் பேர் எழுதியாச்சு, அந்த ரெண்டு கிளாஸ் பத்தி தமிழ்ல நிதானமா யாரும் எழுதி நான் படிக்கல.

மால்ட்டு மாறன்:
அடேங்கப்பா, இவ்ளோ எதிர்பாக்கலை, எல்லாருக்கும் நன்றி. அண்ணை சொன்னதுக்கு அப்புறம் வெஸ்ட்வ்லெட்டரன் ட்ரிப்பை விட்டுட்டேன், மனசுக்குள்ள ஒரு மூலைல இன்னும் உறுத்துது, ஆனா பரவால்ல.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, இந்த கூட்டத்துல ஊத்தறதெல்லாம் ப்ரூவரிங்க ஸ்பான்சர் பண்றது, ஃப்ரீ. ஃப்ரீயா குடிச்சிட்டு நல்லா இல்லன்னு எழுதலாமா? எங்க ஊர்ல ஒரு இடத்துல (பேர் வேண்டாம்) கூப்பிட்டு குடுத்துட்டு மூணாவது நாளே எப்ப சார் எழுதுவீங்க, போட்டோ நாங்க அனுப்பவான்னு ஃபோன் மேல ஃபோன், அதுல இருந்து இந்த ஃப்ரீ பீர்னாலே ஒரு கூச்சம். இன்னொண்ணு, ஊருக்கு எத்தனை பாட்டில் எடுத்துட்டு வரலாம்?

செனெ ஆத்தங்கரை:
ஃப்ரீ விஷயத்துல இங்க இருக்கறவங்க பழக்கம் சிம்பிள், எழுதறப்ப இன்ன கூட்டத்துல இவங்க ஊத்துனாங்கன்னு முதல்லயே போட்டுடுவாங்க, அதுக்கு மேல கடமை எதுவும் கிடையாது. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு எழுதுங்க, இல்ல விட்டுடுங்க. பத்துல ஒம்பது பத்தி ஒண்ணுமே எழுதாம போனாலும் யாரும் கேக்கப் போறதில்ல. ஆனா ஸ்பீட் ரவுண்டுல ரெண்டு மடக்கு குடிச்சதை வச்சு மட்டம்னு எழுதிடாதீங்க, அது நாலு பீருக்கு அப்புறம் வந்த அஞ்சாவது பீரா இருக்கும், உங்க நாக்கு அப்ப எந்த கதில இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியாது. சந்தேகம்னா மறுநாள் மத்தியானம் ஒரு பாட்டில் காசு குடுத்து வாங்கி தனியா குடிச்சு பாருங்க, அப்புறம் எழுதுங்க.

அப்புறம் சொல்ல மறந்துட்டேன், நீங்க வர்ற வாரக் கடைசிலதான் வழக்கமா கிராண்ட் ப்ளாஸ்ல பெல்ஜியன் பீர் வீக்கெண்ட் நடக்கும். சுத்தி அந்த தங்கப்பூச்சு பூசின பழைய கட்டடங்கள், நடுவுல ப்ரூவரிங்க ஸ்டால், நோட்டை நீட்டினா வாங்க மாட்டாங்க, பாட்டில் மூடி மாதிரி டோக்கன் வாங்கி அதை குடுக்கணும். கூட்டம் தள்ளும், நிதானமா குடிக்க லாயக்கில்ல, ஆனா சின்னச் சின்ன ப்ரூவரி ஆளுங்க நேராவே நிப்பாங்க, பேச்சு குடுக்க அதை விட நல்ல இடம் இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க, சனிக்கிழமை ராத்திரி அந்தப் பக்கம் தலை வச்சு படுக்காதீங்க.

ஈஸ்ட்டு வாத்தியார்:
பாட்டில் கணக்கு: இந்தியாக்குள்ள வரி இல்லாம ஒரு ஆளுக்கு 2 லிட்டர் மதுதான். 33 சென்டிலிட்டர் பாட்டில்னா ஆறு, 1.98 லிட்டர், கரெக்ட்டா அடங்கும். இல்ல 75 சென்டிலிட்டர் கூஸ் ஒண்ணு, கூட சின்ன பாட்டில் மூணு. எல்லாம் செக்-இன் பெட்டிலதான், துணிக்கு நடுவுல, பாட்டில் ஒவ்வொண்ணையும் பாலிதீன் கவர்ல போட்டு இறுக்கி கட்டிடுங்க. வந்ததும் ரெண்டு வாரமாவது நிமிர்த்தி இருட்டுல வச்சிட்டு அப்புறம் திறங்க, ஃப்ளைட்டு குலுக்கல்ல வண்டலெல்லாம் மேல ஏறியிருக்கும். ஓர்வல் எடுத்தா ரெண்டா எடுங்க, பெங்களூர் சூட்டுல அது இன்னும் வேகமா கிழடு தட்டும், அதையும் எழுதலாம்.

அன்ட்வெர்ப் அண்ணை:
வாங்கிறதெண்டா கிராண்ட் ப்ளாஸ் சுத்தி இருக்கிற டூரிஸ்ட் கடையளில வாங்காதையும், வெயில் படுற கண்ணாடிக்குள்ள அடுக்கி வைச்சுப் போட்டு விலையும் கூடப் போடுவினம். நாலு தெரு தள்ளி எந்த சூப்பர் மார்க்கெட்டுக்கும் போம், ரோஷ்ஃபோர், வெஸ்ட்மல்லே, ஓர்வல் எல்லாம் கோலாவுக்குப் பக்கத்தில நிக்கும். ஓர்வல் மட்டும் சில வேளை தட்டு காலியா இருக்கும், கண்ட இடத்தில எடுத்து வையும். ஹோட்டலில குடிச்சு முடிச்ச போத்தலை எறியாதையும், கன போத்தலுக்கு டெப்பாசிட் இருக்கு, கடை வாசலில மெஷின் நிக்கும், போட்டா துண்டு வரும், காசு கவுண்டரில கழிப்பினம்.

அன்ட்வெர்ப் பக்கம் வந்தா ஒரு பொல்லெகே (இஞ்ச டி கோனிங்க் ஊத்துற உருண்டைக் கிளாஸ்) வாங்கித் தாறன். டி கோனிங்க், 5.2%, எங்கட ஊர்ப் பீர், அதைப் பற்றி ஒருத்தரும் கூட்டம் வைக்கிறதில்லை.